பிலோ அக்கா போடாத புள்ளடி

தொலைபேசி வந்தபோது நான் ரொறன்ரோ மில்லிக்கனில் எங்கள் வீட்டு முன்புறத்தில் மேப்பிள் இலைகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தேன். மனைவி கதவைத் திறந்து, "இஞ்சேருங்கோ, றெஜினா கதைக்கிறா" என்றாள். அவளுடைய குரலே மிச்சத்தைச் சொல்லிவிட்டது. றெஜினா பிலோ அக்காவின் ஒரே மகள். "அங்கிள், அம்மா போயிட்டா" என்றாள். மத்தியானம் கொஞ்சம் கஞ்சி குடித்தாராம். தலையணையைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு, "இனி நான் கொஞ்சம் படுக்கப் போறன், நீ போய்ச் சாப்பிடு" என்று மகளை அனுப்பினாராம். றெஜினா சாப்பிட்டு முடித்து வந்து பார்த்தபோது மூச்சு இல்லை.

எனக்கு முதலில் வந்தது "அப்பாடா" என்ற சொல்தான். வாய்விட்டே சொல்லிவிட்டேன். மனைவி முறைத்துப் பார்த்தாள். அக்காவைத் தெரிந்த நீங்கள் முறைக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரியில், குழாய்களுக்கு நடுவில், தெரியாத முகங்களைப் பார்த்துக்கொண்டு போய்விடுவேனோ என்பதுதான் அந்த மனுசிக்குக் கடைசி மாதங்களில் இருந்த ஒரே பயம். அது நடக்கவில்லை. சொந்தக் கட்டிலில், சொந்தத் தலையணையில், மகள் பக்கத்து அறையில் கோப்பை கழுவும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போய்விட்டார். அழுகை பிறகு வந்தது. இலைப் பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது வந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று றெஜினா கேட்டாள். நான் எழுத்தாளனா என்ன, வேலைக்கு ஆட்களை ஏற்றி வான் வண்டி ஓட்டுகிறவன். ஆனால் பிலோ அக்காவைப் பற்றி எனக்கும் எங்களோடு வேலைக்கு வரும் மகேசன் அண்ணைக்கும்தான் முழுதாகத் தெரிந்த ஒரு சங்கதி இருக்கிறது. அவர் தன் ஆயுளில் ஒரேயொரு தடவை வாக்களித்தார். அதை நேரில் பார்த்த தமிழர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். மகேசன் அண்ணை எழுதமாட்டார், ஏன் எழுதமாட்டார் என்பது போகப்போகத் தெரியும். ஆகவே நான் எழுதுகிறேன்.

ரெக்ஸ்டேலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு கம்பனியில் எங்கள் மூன்று பேருக்கும் வேலை. வான் என்னுடையது. முன் சீற் பிலோ அக்காவுடையது, பின் சீற் முழுவதும் மகேசன் அண்ணையுடையது. ஸ்டீல்ஸ் வீதியில் கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைவரை போகவேண்டும். போய்ச் சேர்வதற்குள் உலகத்தில் உள்ள எல்லாப் பிரச்சினையையும் தீர்த்துவிடுவோம், வேலைக்குத்தான் சில நாள் பிந்திவிடும். என்னுடைய வாயும் ஹோர்னும் ஒன்றாகத்தான் வேலை செய்யும் என்பது வானில் ஏறியவர்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கா வந்து சேர்ந்த முதல் கிழமையே சொல்லிவிட்டார்: "தம்பி, உமக்கு முன்னுக்குப் போறவனிலையும் கோவம், பின்னுக்கு வாறவனிலையும் கோவம். நடுவில இருக்கிற நாங்கள் என்ன பாவம் செய்தனாங்கள்?" அன்றிலிருந்து நான் ஹோர்ன் அடிக்கப் போனால் அவர் ஜெபமாலையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், ஹோர்ன் அடிக்கமாட்டேன்.

அக்கா தீவுப்பகுதிக்காரர், கத்தோலிக்கர். இனக்கலவரத்துக்குப் பிறகு கணவர் மரியநாயகத்தோடு பாரிசுக்குப் போனவர். கணவர் சாப்பாட்டுக் கடைச் சமையலறைகளில் வேலை செய்தார், அக்கா வீடுகள் துப்புரவாக்கினார். போன வீடுகளில் பொறுக்கியதுதான் அவருடைய பிரெஞ்சு. "குசினிக்கும் குளிக்கிற அறைக்கும் காணும் தம்பி, அங்கால வெளிக்கிட்டா எனக்கு மொழி இல்லை" என்பார். கணவர் அங்கேயே நெஞ்சுவலியில் போய்விட்டார். அவர் போன பிறகுதான் பிரெஞ்சுக் குடியுரிமை வந்தது. அதற்குள் றெஜினா கல்யாணம் கட்டி ரொறன்ரோவுக்கு வந்துவிட்டாள், தாயையும் கூப்பிட்டுக்கொண்டாள். ஆக, அக்கா பிரெஞ்சுக் குடிமகள். இருப்பது கனடாவில். கனடாவில் குடியுரிமை கேட்பதற்கு இன்னும் காலம் வரவில்லை. இங்கே ஏதாவது தேர்தல் வந்தால் வீட்டில் எல்லோருக்கும் வாக்கு, அவருக்கு மட்டும் இல்லை.

ஒரு பனிக்கால விடியலில், வீதியில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தபோது, அவர் தன் முதல் வாக்கின் கதையைச் சொன்னார். கல்யாணமான புதிது. ஊரில் தேர்தல். அயலட்டைப் பெண்களெல்லாம் நல்ல சேலை கட்டிக்கொண்டு ஒன்றாகப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. அக்காவின் முறை வந்தது. மேசையில் இருந்தவர் பெயரைப் பார்த்தார், பிறகு தலை நிமிர்த்தாமலே, "உங்கட வோட்டுப் போட்டாச்சு" என்றாராம். அக்காவுக்கு விளங்கவில்லை. "நான் இப்பத்தானே வாறன்" என்று தன் சின்னவிரலைக் காட்டினாராம். மை இல்லாத, சுத்தமான விரல். "பிள்ளை, போட்டாச்சு. அங்கால தள்ளும், ஆக்கள் நிக்கினம்" என்றுவிட்டார் அவர். யாரோ விடியவே வந்து அக்காவின் பெயரில் கள்ளவோட்டுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"பேந்து என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"என்னத்தைச் செய்யிறது? மற்றப் பெண்டுகளெல்லாம் விரலைப் பாத்துப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு வருகினம். எனக்கு வெக்கமாப் போச்சு. வீட்ட போன உடன மனுசன்ர பேனை மையை எடுத்து நானே விரலில பூசிக்கொண்டன். மாமி கேட்டா, போட்டிட்டியே எண்டு. ஓம் மாமி, போட்டாச்சு எண்டு சொன்னன்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். மகேசன் அண்ணை பின் சீற்றிலிருந்து, "எந்தத் தொகுதி? எந்தச் சாவடி? ஆர் அங்க பொறுப்பா இருந்தது?" என்று விசாரணை தொடங்கினார். அவர் ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், உத்தியோகத்தர். எத்தனையோ தேர்தல்களில் வாக்குச்சாவடிக்குப் பொறுப்பாக இருந்தவர். "தங்கச்சி, நான் இருந்த இடத்தில உப்பிடி ஒரு நாளும் நடந்ததில்லை" என்றார். அவர் இருக்கவில்லையே, அதுதானே பிரச்சினை. அந்தத் தேர்தலுக்குப் பிறகு ஊரில் வந்ததெல்லாம் போகக்கூடாத தேர்தல்கள், போகப் பயந்த தேர்தல்கள். பிறகு அகதி வாழ்க்கை. அக்காவின் வாக்கு அந்தச் சுத்தமான விரலோடு அப்படியே நின்றுவிட்டது.

இந்த வருஷம், 1999இல், ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்குத் தேர்தல் வருகிறது என்றும், வெளிநாட்டில் இருக்கும் பிரெஞ்சுக் குடிமக்களும் அங்கங்கே வாக்களிக்கலாம் என்றும் அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. ஒரு நாள் வானில் ஏறும்போதே, "தம்பி, நான் பேர் பதிஞ்சிட்டன்" என்றார். என்ன பெயர், எங்கே பதிந்தது என்று கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்தது, பிரெஞ்சுத் துணைத்தூதரகத்துக்குத் தனியாகச் சப்வேயில் போய் வந்திருக்கிறார். எனக்கு விசர் வந்தது. நான் கனேடியக் குடிமகனாகி எத்தனையோ வருஷம், ஒரு நாளும் வாக்களிக்கப் போனதில்லை. எல்லாரும் ஒன்றுதான் என்பது என் கட்சி. சும்மா இருப்பேனா?

"அக்கா, உதென்ன பாராளுமன்றம்? ஒரு நாட்டுப் பாராளுமன்றமே ஒண்டும் செய்யாது. உது பதினைஞ்சு நாடு சேந்து கூடியிருந்து கதைக்கிற இடம். பிரான்சிலயிருந்து கொஞ்சப் பேரை அங்க அனுப்பி உங்களுக்கு என்ன காணப்போறியள்? நீங்கள் இருக்கிறது ஸ்காபரோவில!"

அக்கா என் பக்கம் திரும்பினார். பிறகு விரலை மடக்கத் தொடங்கினார். "மூத்த தம்பி ஜெர்மனியில. தங்கச்சி டென்மார்க்கில. மனுசன்ர தமக்கையின்ர பெடியன் ஹொலண்டில. மச்சாள் இன்னும் பாரிசில. ஊரில ஒரு ஒழுங்கைக்குள்ள இருந்த நாங்கள் இப்ப நாலு நாட்டில இருக்கிறம். நாலு நாட்டுக்கும் சேத்து ஒரு பாராளுமன்றம் இருக்கெண்டா அது எங்கட குடும்பத்துக்கெண்டு கட்டினதுதானே தம்பி? அவையளுக்கு இன்னும் அந்தந்த நாட்டுக் காகிதம் கிடைக்கேல்லை. என்னட்டைத்தான் இருக்கு. நான் போடாமல் ஆர் போடுறது?"

நான் வீதியைப் பார்த்துக்கொண்டு வானை ஓட்டினேன். மகேசன் அண்ணைதான், "உங்கட சின்னத்தம்பி சுவிசில எல்லோ? சுவிஸ் அதில சேரேல்லையே" என்றார்.

"அவன் எப்பவும் அப்பிடித்தான். ஒண்டிலும் சேரமாட்டான்" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு எங்கள் வான் பள்ளிக்கூடமாகிவிட்டது. மகேசன் அண்ணைக்கு ஊர் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற காலத்தில் கிடைத்த பதவி உயர்வு அது. வாக்களிப்பது எப்படி என்று அக்காவுக்குப் பாடம் எடுத்தார். வாக்குச்சீட்டில் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி போடுவது சின்ன விஷயம் என்று நினைக்கிறீர்களா? மகேசன் அண்ணையிடம் கேளுங்கள். புள்ளடி பெயருக்குப் பக்கத்தில் உள்ள பெட்டிக்குள் விழவேண்டும். கோட்டில் முட்டக்கூடாது. இரண்டு கோடும் ஒன்றையொன்று வெட்டவேண்டும், தொட்டுக்கொண்டு நின்றால் போதாது. பெயர் எழுதக்கூடாது, பொட்டு வைக்கக்கூடாது, சரி அடையாளம் போடக்கூடாது. பென்சில் தந்தால் வாங்கக்கூடாது, பிறகு அழித்துவிடுவார்கள். சொந்தப் பேனை கொண்டுபோகவேண்டும், அது எழுதுகிறதா என்று முதலே பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம் ஒன்று: "தங்கச்சி, முதல் பெட்டியைக் கண்டுபிடிக்கவேணும். பெட்டியைக் காணமுதல் பேனையைக் காகிதத்தில வைக்கக்கூடாது. அவசரப்பட்டுத்தான் எங்கட சனம் செல்லாத வோட்டுப் போடுறது."

அக்கா ஒரு புதுப் பேனை வாங்கினார். நீல நிறம், மூடியுள்ளது. சிவப்பு விளக்கில் வான் நிற்கும் இடமெல்லாம் பழைய ரசீதுகளின் பின்பக்கத்தில் புள்ளடி போட்டுப் பழகினார். மகேசன் அண்ணை எட்டிப் பார்த்துத் திருத்துவார். "இது செல்லும். இது செல்லாது. இதுக்குச் சண்டை வரும்." நான் பகிடி பண்ணுவேன், ஆனால் வானை ஆட்டாமல் நிறுத்துவேன்.

வசந்தம் வந்தபோது அக்காவின் முகம் வாடத் தொடங்கியது. வயிற்றுவலி. முதலில் வாயு என்றார், பிறகு வேலைச் சாப்பாடு என்றார். றெஜினா இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதித்தபோதுதான் வருத்தத்தின் பெயர் தெரிந்தது. அந்தப் பெயரை அவர் கடைசிவரை சொல்லவில்லை, நானும் எழுதவில்லை. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். குறித்த நாள் தேர்தல் ஞாயிற்றுக்கு முதல் வந்த வெள்ளி.

நாள் குறித்த அன்று பின்னேரமே றெஜினா என்னைக் கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள். "அங்கிள், அம்மா டேற்றை மாத்தச் சொல்லி நிக்கிறா. வோட்டுப் போடவேணுமாம். நீங்கள் வந்து சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாக் கேப்பா." நான் சொன்னால் அக்கா கேட்பார் என்று இந்தப் பிள்ளை எங்கே கண்டதோ. ஆனாலும் போனேன். அக்கா சோபாவில் இருந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு வோட்டுக்காக உயிரோடு விளையாடுகிறீர்களா, அங்கே உங்களுடைய ஒரு வோட்டு இல்லாவிட்டால் பாராளுமன்றம் இடிந்து விழுமா என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.

அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, நான் சண்டைக்கு நிக்கேல்லை. டொக்டரிட்ட கேட்டுப் பாப்பம். அவர் பிழை எண்டா நான் வெள்ளிக்கிழமையே போய்ப் படுக்கிறன். ஆனா கேக்காமல் விடமாட்டன். அண்டைக்கு நான் கேக்காமல் திரும்பி வந்திட்டன்."

கேட்டார்கள். நானும் கூடப் போனேன். றெஜினா ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொல்ல, டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அக்காவைப் பார்த்தார். பிறகு தன் நாள்காட்டியைப் பார்த்தார். ஒரு கிழமை தள்ளுவதால் ஒன்றும் கெடாது என்றார். "யாருக்குப் போடப் போகிறீர்கள்?" என்றும் கேட்டார். றெஜினா மொழிபெயர்த்தாள். "அதைச் சொல்லக்கூடாதெண்டு அவருக்குச் சொல்லு பிள்ளை" என்றார் அக்கா. 

அந்த ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒன்ராறியோ மாகாணத் தேர்தலும் நடந்தது. அன்று வேலை முடிந்து வரும்போது வழியில் ஒரு வாக்குச்சாவடி. அக்கா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "தம்பி, உமக்கு உதில வோட்டு இருக்கோ?" என்றார். இருக்கிறது என்றேன். "போகேல்லையோ?" போகவில்லை என்றேன். "உம்மட வோட்டை எனக்குத் தர ஏலாதோ?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். நான் வானை நிறுத்தவில்லை. மகேசன் அண்ணை பின் சீற்றிலிருந்து இருமினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்கா சனி பின்னேரமே பூசைக்குப் போய் வந்துவிட்டார். கத்தரிப்பூ நிறச் சேலை, அதற்கு மேலே றெஜினாவின் வற்புறுத்தலுக்காக ஒரு ஸ்வெட்டர். கைப்பையில் பேனை. மகேசன் அண்ணை வெள்ளைச் சேர்ட்டும் கழுத்தில் ரையும் கட்டிக்கொண்டு நின்றார். "நீங்கள் எங்க?" என்றேன். "பாக்கவேண்டாமே, வெள்ளைக்காரன் எப்பிடி நடத்திறான் எண்டு" என்றார். நகரத்துக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. அந்தப் பள்ளிக்கூட வாசலைப் பார்த்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். வருத்தத்தின் வலியால் என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, ஊரிலும் அது பள்ளிக்கூடம்.

மேசையில் இருந்த இளைஞன் அடையாள அட்டையை வாங்கிப் பெயரைத் தேடினான். மரியநாயகம் என்ற பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டு விரலைக் கீழே இறக்கினான். மேலே ஏற்றினான். இல்லை. மறுபடி பார்த்தான். இல்லை. அக்கா என் பக்கம் சரிந்தார். "போட்டாச்சு எண்டு சொல்லப்போறான் தம்பி" என்று மெல்லமாகச் சொன்னார். எனக்கு அப்படி ஒரு கோபம். அக்கா ஊரில் படாத கோபமெல்லாம் சேர்ந்து என் வாய்க்கு வந்துவிட்டது. நான் மேசையை நோக்கி ஓரடி வைத்தேன். அதற்குள் பக்கத்தில் இருந்த வயதான அம்மா அட்டையை வாங்கிப் பார்த்து, ஏதோ சொல்லிச் சிரித்து, வேறு ஒரு பக்கத்தைப் புரட்டினார். சூசைப்பிள்ளை! பிரெஞ்சுக்காரர் பெண்களைத் தகப்பன் பெயரில்தான் பதிந்து வைப்பார்களாம், கல்யாணம் கட்டினாலும். அக்காவின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். "ஐயோ தம்பி, நான் என்ர அப்புவின்ர பேரிலயெல்லோ இருக்கிறன்!" என்றார்.

ஒரு நீள மேசையில் கட்சி கட்சியாகக் காகிதங்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு கட்சிக்கும் தனிக் காகிதம். விரும்பிய காகிதங்களையும் ஒரு கடித உறையையும் எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போகவேண்டும். அக்கா எல்லாவற்றிலும் ஒன்றொன்று எடுத்தார். வேட்டைக்காரருக்கென்றே ஒரு கட்சி இருந்தது, அதிலும் எடுத்தார். "ஒருத்தரும் கோவிக்கக்கூடாதெல்லோ" என்றார். திரை மூடியது. நாங்கள் இருவரும் சுவரோரம் நின்றோம்.

நேரம் போனது. பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். திடீரென்று திரைக்குள்ளிருந்து பலத்த குரல், தமிழில்:

"தம்பி! உதில பெட்டி ஒண்டையும் காணேல்லை! எங்க புள்ளடி போடுறது?"

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு முன்னமே மகேசன் அண்ணை வாயைத் திறந்துவிட்டார். "வடிவாப் பாருங்கோ தங்கச்சி! வலப்பக்கம் இருக்கும்!"

"வலப்பக்கமும் இல்லை, இடப்பக்கமும் இல்லை அண்ணை! ஆக்களின்ர பேர்தான் கிடக்கு!"

"அப்ப போடாதேங்கோ! பேனையை வைக்காதேங்கோ!"

பொறுப்பாயிருந்த அந்த வயதான அம்மா எழுந்து வந்தார். யாரோ யாருக்கோ வாக்கைச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றல்லவா நினைத்திருப்பார். எங்களைப் பார்த்து விரலை ஆட்டிவிட்டுத் திரைக்கு வெளியே நின்று பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அக்காவின் தலை மட்டும் வெளியே வந்தது. பிறகு கை வந்தது, கையில் பேனை. அந்தப் பேனையால் காற்றில் பெரிதாக ஒரு புள்ளடி போட்டுக் காட்டினார். அந்த அம்மா இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, "நொன், நொன், நொன், மடாம்!" என்று பதறிவிட்டார். அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க அக்காவின் கண் விரிந்தது. பிறகு எங்களுக்குத் தமிழில் அறிவித்தார்:

"அண்ணை, இஞ்ச புள்ளடி இல்லையாம்! காகிதத்தை மடிச்சு உறைக்குள்ள வைச்சாப் போதுமாம். பேனை பட்டா வோட்டுச் செல்லாதாம்!"

மகேசன் அண்ணை ரையைத் தளர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்தார். எத்தனையோ தேர்தல் நடத்திய மனுசன். புள்ளடி இல்லாத வாக்கு ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார். எங்களில் யாருக்குத் தெரியும்? வோட்டு என்றாலே எங்களுக்குப் புள்ளடிதானே. அவர் படிப்பித்ததெல்லாம் பிழைத்துவிட்டது, ஆனால் ஒன்றே ஒன்று தப்பவைத்துவிட்டது. பெட்டியைக் காணமுதல் பேனையை வைக்காதே என்றாரே, அந்தப் பாடத்தை அக்கா மறக்கவில்லை. பேனையின் மூடிகூடக் கழற்றியிருக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த பெருமூச்சு ஸ்காபரோ வரைக்கும் கேட்டிருக்கும்.

வாக்குப்பெட்டி கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பெட்டி. அக்கா உறையை மேலே பிடித்தார். பக்கத்தில் நின்ற இளைஞன் ஒரு நெம்புகோலைத் தட்ட, பெட்டியின் வாய் திறந்தது. உறை விழுந்து மற்ற உறைகளுக்கு மேலே கிடந்தது. எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது. அப்போது அவன் நிமிர்ந்து, அறை முழுக்கக் கேட்கும்படி, அக்காவின் பெயரைச் சொல்லிக் கத்தினான்: "அ வொத்தே!"

அக்கா திடுக்கிட்டுப்போனார். நானும் பயந்துவிட்டேன், ஏதோ பிழை பிடித்துவிட்டார்கள் என்று. யாரும் பிழை பிடிக்கவில்லை. ஒவ்வொருவர் வாக்கும் பெட்டியில் விழுந்ததும் அப்படிச் சொல்வது அவர்கள் வழக்கமாம். அக்கா தன் இடக்கைச் சின்னவிரலை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றார், மைக்காக. அந்த இளைஞனுக்கு விளங்கவில்லை. மை இல்லை, கையெழுத்துத்தான் என்று வயதான அம்மா காட்டினார், தன் பேனையையும் நீட்டினார். அக்கா வாங்கவில்லை. கைப்பையைத் திறந்து தன் நீலப் பேனையை எடுத்து, மூடியைக் கழற்றி, சூசைப்பிள்ளை பிலோமினா என்று தமிழில் கையெழுத்து வைத்தார்.

வானுக்கு வந்து ஏறினோம். சீற் பட்டி போட்டுக்கொண்ட பிறகுதான் அக்கா கேட்டார்: "தம்பி, அவன் என்ன சொன்னவன் எண்டு விளங்கினதோ?"

"இல்லை அக்கா."

"வோட்டுப் போட்டாச்சு. அவன் சொன்னது அதுதான். அண்டைக்கு ஊரில சொன்னவையெல்லோ, அதே சொல்லு." சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். அழுதுகொண்டே சிரித்தார். "ஆனா இவன் என்ர முகத்தைப் பாத்துச் சொன்னவன், தம்பி."

பின் சீற்றில் மகேசன் அண்ணை மூக்கைச் சிந்தினார்.  கோபமா, வெட்கமா, சந்தோஷமா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாராவது கேட்டால், "அது வேற முறை" என்று மட்டும் சொல்வார்.

யாருக்குப் போட்டார் என்று நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன். "சொன்னா அது வோட்டில்லை, வம்பு" என்பார். ஜெர்மனித் தம்பிக்கும் டென்மார்க் தங்கச்சிக்கும் தொலைபேசியில் என்ன சொன்னார் என்பது றெஜினாவுக்குத் தெரியும்: "உங்களுக்கும் சேத்துத்தான் போட்டனான், இனிக் கவலைப்படாதேங்கோ." சுவிஸ் தம்பிக்குச் சொன்னாரா என்பது தெரியவில்லை.

சத்திரசிகிச்சை நடந்தது. கோடை முழுக்க நன்றாகத்தான் இருந்தார். வேலைக்கு வரவில்லை, ஆனால் நான் போகும்போதெல்லாம் எழுந்திருந்து கதைப்பார். மருந்து குடித்து முடித்தாலும், சோறு இறக்கினாலும், "அ வொத்தே!" என்பார். பேரப்பிள்ளை சாப்பிட்டு முடித்துவிட்டு அதையே கத்தும். பிறகு வருத்தம் வேறு இடத்தில் தலைகாட்டியது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

பூதவுடலைப் பார்வைக்கு வைத்திருந்த அன்று றெஜினா என்னைத் தனியே கூப்பிட்டாள். எனக்குள்ளே ஒரு முள் குத்திக்கொண்டிருந்தது. அந்த ஒரு கிழமை தள்ளாமல் இருந்திருந்தால்? அவளுக்குள்ளும் அதே முள்தான். டொக்டரிடம் நேரே கேட்டாளாம். "இல்லை எண்டு சொன்னவர் அங்கிள். அது எப்பவோ பரவிட்டுதாம். ஒரு மாதம் முந்திச் செய்திருந்தாலும் இதுதானாம். உங்களுக்குச் சொல்லவேணும் எண்டு நினைச்சனான்." நான் அவள் தலையில் கை வைத்தேன். இரண்டு பேரும் நன்றாக அழுதோம். அழுது முடித்தபோது நெஞ்சுப் பாரம் இறங்கியிருந்தது. இரண்டாவது அப்பாடா அன்றைக்குத்தான் வந்தது, அதையும் வாய்விட்டே சொன்னேன்.

என்னிடம் அவருடையது என்று இருப்பது அந்த நீலப் பேனைதான். கடைசியாகப் பார்க்கப் போனபோது தலையணைக்குக் கீழிருந்து எடுத்துத் தந்தார். "பிரெஞ்சுக்காரருக்குப் புள்ளடி தேவைப்படேல்லை. உங்கட கனடாவில அதுதானே வேணும். பழகின பேனை, வீணாப் போகக்கூடாது. எப்ப அடுத்த தேர்தல்?"

"தெரியாது அக்கா."

"தெரிஞ்சு வையும்."

தெரிந்து வைத்திருக்கிறேன். அடுத்த வருஷம் மாநகரசபைக்கு வருகிறது. மகேசன் அண்ணையும் வருகிறாராம், பின் சீற்றில் இருந்து பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். முன் சீற்றில் இன்னும் யாரையும் நான் ஏற்றவில்லை. கனடாக்காரர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கத்தமாட்டார்கள் என்று விசாரித்து அறிந்துகொண்டேன். பரவாயில்லை. போட்டுவிட்டு வந்து வானில் ஏறி, பட்டியைப் போட்டுக்கொண்டு, பக்கத்து சீற்றைப் பார்த்து நானே சொல்வேன்: அக்கா, போட்டாச்சு.